முப்பது மில்லி

ஜூன் 3, செவ்வாய்

எடை 91.4 கிலோ. ஈரலில் கொழுப்பு 22 சதவீதம்.

இரண்டாவது எண்தான் எங்களுக்கு முக்கியம் என்றார் ரெஜினா. ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்றுப் பிரிவின் கோ-ஆர்டினேட்டர். மேசையில் என் ஸ்கேன், அதன்மேல் அக்காவின் ஸ்கேன்.

"பத்துக்குக் கீழ கொண்டு வாங்க லிங்கம். எட்டு வாரம் டைம். ஜூலை இருபத்தொன்பது மறுபடி ஸ்கேன். பாஸ் ஆனா உங்க ஈரல்ல பாதிக்கு மேல எடுத்து அக்காவுக்கு வச்சிடலாம்."

"ஆகலன்னா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரில் மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏன் மேடம் கோழி ஈரல் மாதிரியே இல்ல?" என்று கேட்டாள்.

அத்தானின் ரத்த வகை சேரவில்லை. அப்பாவுக்கு எழுபத்தொன்று. அம்மா இல்லை. பட்டியலில் ஒரே ஒரு பெயர். என் பெயர்.

ஜூன் 4, புதன்

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டாம் மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை. வீட்டுக்காரர் நோயாளிக் குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விடுவார். முன்பு இருந்தவர்கள் யாரோ ஜன்னல் கம்பியில் ஒரு மருந்துச் சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுக்கவில்லை.

அக்காவுக்கான விதிகள். உப்பு கூடாது. வயிற்றில் நீர் கட்டுவதால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது. சிரப், முப்பது மில்லி, மூன்று வேளை. தினமும் மூன்று முறையாவது வயிறு போக வேண்டும். போகாவிட்டால் ஈரல் கழிக்க முடியாத நஞ்சு மூளைக்கு ஏறும். தினமும் காலையில் ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்து கோணினால் உடனே போன் செய்ய வேண்டும்.

மனமும் உடலும் ஒன்றா இரண்டா என்று மூன்று வருடமாக ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பத்துப் பக்கம். ரெஜினா ஒரே வரியில் முடித்தார்: "வயிறு போகலன்னா அக்காவுக்குப் புத்தி தடுமாறும்."

கழிப்பறைக் கதவில் அக்கா ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. தேதி, காலை, மதியம், மாலை. பதினான்கு வருடம் அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அட்டவணை இல்லாமல் அவளுக்கு எதுவும் நடக்காது.

எனக்கான விதிகளும் உண்டு. சோறு இல்லை. இட்லி இல்லை. முட்டை வெள்ளைக்கரு, கோழி, மீன், சுண்டல், மோர். தினம் ஒரு மணி நேரம் நடை, அதன்பிறகு கயிறு தாண்டுதல். ஈரல் தரும் டோனர் எந்த மருந்தையும் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. கடைசி வரி தடித்த எழுத்தில்.

ஜூன் 5, வியாழன்

தண்ணீருக்கு அவளுக்கு ஒரு நீல பாட்டில் வாங்கினேன். மார்க்கரால் கோடு போட்டேன். காலை ஆறு மணிக்கு நிரப்பினால் படுக்கும்வரை அதுதான்.

அதே கடையில் அதே நிறத்தில் இன்னொன்றும் வாங்கினேன். எனக்கு.

ஜூன் 7, சனி

மொட்டை மாடி. காலை ஆறு. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் விசில். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் அவளுக்கு. ஆனாலும் மாடிக்கு வந்தே தீருவேன் என்கிறாள்.

"முட்டிய மடக்கி எறங்குலே. என்ன, மூட்டை எறக்குத மாதிரி எறங்குத."

"கீழ வீட்டுல திட்டுவாங்க."

"திட்டட்டும். முப்பத்தொண்ணு. முப்பத்திரெண்டு. மூச்சு விடுலே, அதுக்கும் நாந்தான் சொல்லணுமா?"

நூறு முடிந்ததும் விசில். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவள் தன் பாட்டிலை மடியில் வைத்து மூடியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் என் பாட்டிலைத் திருகி ஒரு மடக்குக் குடித்து மூடினேன்.

சென்னை வெயிலுக்குக் காலை, மாலை என்ற வித்தியாசம் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

நான்கு நாள். எனக்கு வயிறு போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

ரெஜினா போன் செய்தார். வாராந்திர விசாரிப்பு.

"தூக்கம்?"

"நல்லா இருக்கு."

"மோஷன்?"

"நார்மல்."

சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாளே அவர் சொன்னது காதில் நின்றுவிட்டது: டோனருக்குச் சின்னப் பிரச்சினை என்றாலும் டாக்டர்கள் குழு யோசிக்கும். ஆறு நாளாகப் போகாத ஒருவனைப் பற்றிக் குழு என்ன யோசிக்கும் என்று எனக்குத் தெரியாது. பட்டியலில் இரண்டாவது பெயர் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வயிறு கல். நடக்கும்போது அது எனக்குள் தனியாக நடக்கிறது.

ஜூன் 14, சனி

"இருபத்திமூணு நிமிஷம்" என்றாள் அக்கா. கதவைத் திறந்ததும் எதிரே ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருந்தாள்.

"படிச்சிட்டிருந்தேன்."

"புஸ்தகம் எங்க?"

"போன்ல."

"போன் இந்தா, கட்டில்ல கெடக்கு."

அவள் எழுந்து கதவிலிருந்த அட்டவணையில் தன் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தாள். தலைப்பு: லிங்கம். எட்டு நாளுக்கும் எட்டுப் பூஜ்யம் போட்டாள். கேட்காமலே போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"என் சிரப்பக் கொஞ்சம் குடிலே. இது சாதாரண பேதி மருந்துதாம். டாக்டரே சொன்னாரு."

"டோனர் மருந்து சாப்பிடக் கூடாது. தடித்த எழுத்துல போட்டிருக்கு."

"ரெஜினா மேடத்துக்கிட்ட நான் கேக்கேன்."

"கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்யவில்லை. முறைத்தாள். கேட்கவும் இல்லை.

ஒரு வீட்டில் இரண்டு வயிறு. ஒன்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அத்தான் தென்காசியிலிருந்து வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டர். வார ஓய்வுக்கு ராத்திரி வண்டியில் ஏறி வந்து, பகல் முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த ராத்திரி வண்டியில் திரும்புவார். கையில் ஒரு பை கொய்யா.

அக்கா அட்டவணையைக் காட்டிவிட்டாள்.

"மாப்ள, இதச் சொல்ல வேண்டாமா?" என்றவர், நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வெளியே நின்று பணி விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். பீ, பீ.

"அத்தான்!"

"ஒரு விசில்னா நிப்பு. ரெண்டு விசில்னா போலாம். இருபது வருஷமா ஊதுதேன். எந்த வண்டியும் நின்னதில்ல மாப்ள."

அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக் கட்டிலில் சாய்ந்தாள். நானும் உள்ளே சிரித்தேன். பயன் இல்லை. ஆனால் அவள் அப்படிச் சிரித்து நான்கு மாதம் இருக்கும். பத்துப் பூஜ்யத்தை அதற்காகக் கொடுக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

இனி மோர் தானே கலக்குகிறேன் என்றாள் அக்கா. "சும்மா உக்காந்து உக்காந்து கை மரத்துப் போச்சு. ஒரு டம்ளர் மோர் கலக்கக்கூட லாயக்கில்லையா நான்?"

சரி என்றேன். காலை கயிறு முடிந்ததும் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் குடிக்கிறேன். அவளுடைய ஒரு லிட்டரில் மோருக்கு இடமில்லை.

வீட்டில் உப்பு இல்லை. மோர் லேசாக இனிக்கிறது. உப்பில்லாத தயிருக்கு உள்ளூர ஓர் இனிப்பு இருக்கும்போல. இருபத்தேழு வருடம் உப்பு அதை மறைத்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

போயிற்று.

அவ்வளவுதான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். போதவில்லை. கண்ணில் நீர் வந்தது. வலியால் பாதி. மீதிக்கு எந்த வார்த்தை சரி என்று ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தேன். நன்றி என்பதைத் தவிர எதுவும் பொருந்தவில்லை. யாருக்கு என்று தெரியாத நன்றி. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்ததற்கும் சேர்த்து.

அட்டவணையில் என் முதல் டிக். அக்கா சிவப்புப் பேனாவால் போட்டாள். பக்கத்தில் "Good" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

கொய்யாவுக்கு நன்றி. அத்தானுக்கு நன்றி.

ஜூன் 24, செவ்வாய்

எடை 86.8. தினமும் போகிறது. சில நாள் இரண்டு முறை. உடம்பு லேசு. மாடி லேசு. இருநூறு தாண்டினேன்.

சிரப் நோட்டு: 30, 30, 30. மூன்று வேளையும் அளவு மூடியில் ஊற்றி அவள் பக்கத்தில் வைக்கிறேன். உடனே குடிக்கமாட்டேன் என்கிறாள். "வாயெல்லாம் கொழகொழன்னு இருக்கு. வச்சிட்டுப் போ, செத்த நேரம் கழிச்சுக் குடிக்கேன்." திரும்பி வரும்போது மூடி காலி. குறித்துக்கொள்கிறேன்.

அவள் கட்டங்களிலும் மூன்று மூன்று டிக். எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு.

கதவில் சிவப்பு டிக்குகளைப் பார்க்கும்போது, எங்கள் குடும்பம் எந்தப் பரீட்சையிலும் இப்படி எழுதியதில்லை என்று தோன்றுகிறது.

ஜூன் 27, வெள்ளி

காலைக் கையெழுத்து. பேச்சியம்மாள் என்பதில் கடைசி எழுத்து வரியை விட்டு இறங்கியிருந்தது.

"கட்டில்ல சாஞ்சுக்கிட்டு எழுதுனேன்லே" என்றாள்.

பகலில் நிறைய தூங்குகிறாள். வெயில்.

ஜூன் 30, திங்கள்

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, பதினாலு, பதினஞ்சு..."

"அக்கா!"

"என்ன?"

"நாப்பதுக்கு அப்புறம் பதினாலா?"

"வாய் பேசுனா பின்னாடிதான் போகும். தாண்டுலே."

தண்டனை என்று நினைத்தேன். தாண்டினேன். முன்னூற்றைம்பது இருக்கும். என் சாதனை.

ஜூலை 2, புதன்

அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மாடி. நீளமாக ஒரு விசில். நிற்கவே இல்லை. "போதும் அக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மத்த புள்ளைகள்லாம் எங்க? எட்டாம் கிளாஸ் பி எங்க? வரிசையில நில்லு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வரிசையில் நின்றேன். கையைப் பக்கவாட்டில் ஒட்டி, "பிரசென்ட் டீச்சர்" என்றேன். "ரெண்டு ரவுண்டு ஓடு" என்றாள். ஓடினேன். சிரித்துக்கொண்டே ஓடினேன். மூன்றாவது ரவுண்டில்தான் பார்த்தேன். விசில் கழுத்தில் தொங்குகிறது. அவள் உதட்டில் இருப்பது பேனா. அதை ஊதிக்கொண்டிருக்கிறாள். சத்தம் வராததைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

பத்து நிமிடம். நான் பத்து நிமிடம் விளையாடியிருக்கிறேன்.

தூக்கிக்கொண்டு இறங்கினேன். மூன்று மாடி. ஒரு மாதத்துக்கு முன்னால் என்னால் முடிந்திருக்காது. அந்தப் பயிற்சி இதற்குத்தானோ என்று ஒரு படியில் தோன்றியது. அடுத்த படியில் தோன்றவில்லை.

அவசரப் பிரிவில் டாக்டர் அவள் இரு கைகளையும் நேராக நீட்டச் சொன்னார். நீட்டிய கைகள் மணிக்கட்டில் தாமாகவே படபடத்தன, ஈரச் சிறகை உதறுவதுபோல.

"சிரப் ஒழுங்கா குடுக்கிறீங்களா?"

நோட்டைக் காட்டினேன். 30, 30, 30. அட்டவணையின் போட்டோவையும் காட்டினேன்.

"இவ்வளவு போயிருந்தா இப்படி ஆகாதே" என்றார்.

எனிமா கொடுக்க உள்ளே கொண்டுபோனார்கள்.

ஜூலை 3, வியாழன்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். காலையில் வந்திறங்கிய அத்தான் காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பையில் கொய்யா இல்லை.

நர்ஸ் மணிக்கொருமுறை வந்து சொன்னார். ஒரு தடவை போயிருக்கு. ரெண்டாவது போயிருக்கு. ஒவ்வொரு முறையும் அத்தான் எழுந்து நின்று கும்பிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். அக்கா கண் திறந்திருந்தது. வெகுநேரம் என்னைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவதுபோல.

"லே" என்றாள். "நீ ஏன் இப்படி எளைச்சுப் போயிருக்க?"

இளைத்ததை வைத்து யாரும் என்னை இதுவரை அடையாளம் கண்டதில்லை.

ஜூலை 4, வெள்ளி

இதை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

காலையில் அக்கா இட்லி சாப்பிட்டாள். கையெழுத்துப் போட்டாள். வரி நேராக இருந்தது. ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் என் நோட்டு.

"பேச்சி டீச்சர், உண்மையச் சொல்லுங்க. தினம் தொண்ணூறு மில்லி குடிச்சீங்களா?"

அக்கா போர்வை நுனியைச் சுருட்டினாள்.

"முப்பது."

"மிச்சம் அறுபது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மோருல."

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. உப்பில்லாத தயிருக்கு உள்ளூர ஓர் இனிப்பு. நானே எழுதியிருக்கிறேன்.

"யாரோட மோர்ல?" ரெஜினாவுக்கும் புரியவில்லை.

"இவனுக்குப் பதினோரு நாளாப் போகல மேடம். உள்ள உக்காந்து முக்குவான். வெளிய எனக்குக் கேக்கும். எனக்காகத்தான முக்குதான்? மருந்து குடின்னா மாட்டேங்கான். புது பாட்டில் தொறந்தா நோட்டுல கணக்கு ஒதைக்கும். அதான் என் பங்க ஊத்துனேன்."

"உங்களுக்கு?"

"எனக்குப் போயிப் போயிச் சலிச்சுப் போச்சு. ரெண்டு வேளை விட்டா என்னன்னு நெனச்சேன்."

"அந்த டிக்கெல்லாம்?"

"சும்மா போட்டது." பிறகு, அதைவிடச் சின்னக் குரலில், "டீச்சரா இருந்துக்கிட்டு" என்றாள்.

ரெஜினா என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கிட்ட நார்மல்னு சொன்னீங்க."

"ரிஜெக்ட் பண்ணிடுவீங்கன்னு பயந்தேன்."

"மலச்சிக்கலுக்கெல்லாம் யாரையும் ரிஜெக்ட் பண்றதில்ல சார். இந்த டயட்ல பாதிப் பேருக்கு வரும். சொல்லியிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும். நீங்க மறைக்கிறதுதான் எங்களுக்குப் பயம்." பெருமூச்சு விட்டார். "சரி. தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?"

"ஒரு லிட்டர்."

"காலையிலயா?"

"நாள் முழுக்க."

"கயிறு தாண்டிட்டு? ஜூன் வெயில்ல? மூணு லிட்டர்னு ஷீட்ல எழுதியிருக்கே. ஏன்?"

கட்டில் பக்கத்து மேசையில் இரண்டு நீல பாட்டில்கள் இருந்தன. அத்தான் வீட்டிலிருந்து இரண்டையும் எடுத்து வந்திருந்தார். எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டிலும் மார்க்கர் கோடு.

அக்கா அவற்றைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். கோட்டுக்குக் கோடு வைத்துப் பார்த்தாள்.

"கிறுக்குப் பயலே" என்றாள். பிறகு அழுதாள்.

ரெஜினா எழுந்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னத்தான் கொல்லப் போறீங்க" என்று சொல்லிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து அக்காவின் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

ஆபரேஷன் ரத்து இல்லை. குழு பேசி முடிவு செய்துவிட்டதாம். ஸ்கேன் தேதியும் மாறவில்லை. தாளில் இன்னும் கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் மூன்று லிட்டர், அடியில் இரண்டு கோடு. சிரப்பை அவள் என் கண் முன்னால் குடிக்க வேண்டும். தண்ணீரை நான் அவள் கண் முன்னால் குடிக்க வேண்டும்.

ரெஜினாவின் உத்தரவில் இரண்டாவது வரி கிடையாது. அது அக்காவின் உத்தரவு.

"உள்ள போய்க் குடிக்கேன்."

"இங்கன நின்னு குடி. நான் பாக்கணும்."

"உனக்குத் தவிக்கும்."

"நீ குடிக்கதப் பாத்தா எனக்குத் தவிக்கும்னு எவம்லே சொன்னான்? நீ குடிக்காம அலையுததப் பாக்கதுக்கா நான் உசுரோட இருக்கேன்? குடி."

குடித்தேன். அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழு சொம்பும் இறங்கும்வரை. முடிந்ததும் விசில்.

அவள் முப்பது மில்லியை ஒரே மூச்சில் விழுங்கி மூடியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஊத என்னிடம் விசில் இல்லை. கை தட்டினேன்.

ஜூலை 9, புதன்

போயிற்று. மருந்தில்லாமல். தண்ணீரும் கீரையும்.

ஜூன் 18-இல் கொய்யாவுக்கு எழுதிய நன்றியை வாபஸ் வாங்குகிறேன். அத்தானுக்கு எழுதியது இருக்கட்டும்.

அந்தப் பதினைந்து நாள் என் டிக்குகளில் ஒவ்வொன்றுக்கும் அவள் புத்தியில் ஒரு துளி போயிருக்கிறது. அவள் அதை அப்படிச் சொல்ல விடமாட்டாள். "ரொம்ப யோசிக்காதலே. யோசிச்சா இறுகிக்கிடும்" என்கிறாள்.

ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திறந்தேன். மூடினேன்.

ஜூலை 19, சனி

400. கணக்குத் தவறவில்லை. நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் எண்ணுவது சரியா என்று. ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய எண்ணுக்கு அடுத்து வந்தது. இதைவிட நல்ல காலை எது என்று தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

எடை 81.6.

ஸ்கேன் முடிந்து மதியம்வரை நடைபாதையில் காத்திருந்தோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படபடக்கவில்லை.

ரெஜினா தூரத்திலிருந்து நடந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அருகில் வந்து விரல்களை விரித்தார். ஒரு கையில் ஐந்து. இன்னொரு கையில் மூன்று.

எட்டு சதவீதம்.

"பாஸா மேடம்?" என்றாள் அக்கா.

"பாஸ் டீச்சர்."

"என் கிளாஸ் புள்ள" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாளிடம் என்னைக் காட்டினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாளைக் காலை ஏழு மணி.

வயிற்றைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக நான் ரகசியமில்லாமல் பேதிக்குப் போனேன். பக்கத்து அறையிலிருந்து அக்கா சொல்லியனுப்பினாள்: "எத்தன தடவ? எழுதி வைக்கச் சொல்லு."

ஏழு.

பயம் இருக்கிறது. ஆனால் அது மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. இந்த உடம்பு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. விளையாட்டு வகுப்பில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் உடம்பு. அதிலிருந்து ஒருவருக்குக் கொடுக்க ஏதோ இருந்தது என்பதை எட்டு வாரம் தினமும் காலை ஆறு மணிக்கு அவள் எண்ணி எண்ணிக் காட்டினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுத முடிகிறது. மெதுவாக. எழுத்து கோணல். அக்கா பார்த்தால் டாக்டரைக் கூப்பிடுவாள்.

இருவருக்கும் நன்றாக முடிந்தது என்றார்கள். அவள் ஐ.சி.யூ.வில், கண்ணாடிக்குள். நான் வார்டில். சிரித்தால் தையல் வலிக்கிறது. இருமினால் வலிக்கிறது. ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். குழாயில் மூச்சை இழுத்தால் மூன்று பந்து மேலே ஏற வேண்டும். ஒன்றுதான் ஏறுகிறது.

எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். சர்ஜன், நர்ஸ், காலையில் தரை துடைக்கும் அம்மா.

"காத்து பிரிஞ்சுதா?"

பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தமாம். பிரிந்தால்தான் வாயில் தண்ணீர்.

பிரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை பத்தேகாலுக்குப் பிரிந்தது. சின்னதாக. பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். வெளியே எங்கோ பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிப் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

அத்தானிடம் சொன்னேன். அவர் உடனே ஐ.சி.யூ. பக்கம் ஓடினார். அக்காவுக்குச் செய்தி சொல்ல. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றார். கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டேன்.

"என்ன அத்தான்?"

அவர் உதட்டைக் குவித்து, வார்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாதபடி, மெல்ல ஊதினார்.

பீ, பீ.

"அவளுக்கு எட்டு மணிக்கேவாம் மாப்ள. 'இன்னுமா அவனுக்கு ஆவல'ன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டுக்கிட்டுக் கெடந்தாளாம்."

சிரித்தேன். தையல் வலித்தது. நிறுத்த முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அதே பின்தெரு, அதே இரண்டாம் மாடி. படியில் ஏழு இடத்தில் நின்று ஏறினோம், இருவரும். யாருக்காக யார் நின்றோம் என்று தெரியவில்லை.

கதவு அட்டவணையை அவள் கிழிக்கவில்லை. பொய் டிக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சிவப்பில் சுழித்து அடித்தாள். முப்பத்தொன்று.

இன்று காலைப் பரிசோதனையில் ரெஜினா சொன்னார்: சிரப் இனி வேண்டாம். தண்ணீர்க் கட்டுப்பாடும் இல்லை. இரண்டரை லிட்டர் தாராளமாகக் குடிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு சொம்பில் நிரப்பிக்கொண்டாள். விசிலைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"என்னலே பாக்க?"

"நான் பாக்கணும்."

அவள் அண்ணாந்து, உதட்டில் படாமல், ஊற்றிக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. எண்ணினேன். பதினாலு, பதினஞ்சு. கழுத்தில் ஒரு கோடாக வழிந்தது, துடைக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது.

சொம்பை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துலே."

ஊற்றினேன்.